ராணி காத்திருந்த பக்கம்

செய்தி வந்தது மாலை நாலரை மணிக்கு. அப்போது என் வாயில் பஞ்சு இருந்தது.

கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, ரத்தம் நிற்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிப் பல் டாக்டர் கை கழுவப் போயிருந்தார். போன் அடித்தது. அக்காவின் கணவர், அத்தான்.

"சின்னது... அக்கா போயிட்டாம்மா."

"ம்," என்றேன்.

"டேப் வாங்கக் கடைக்குப் போனா. மயக்கமா வருதுன்னு சொன்னாளாம். ஸ்டூல் போட்டு உக்கார வெச்சிருக்காங்க. தண்ணி கொண்டு வர்றதுக்குள்ள..."

"ம்."

"நீ கிளம்பி வா. பதறாம வா."

"ம்."

'சின்னவ கல்லு மாதிரி நின்னா, ஒரு வார்த்தை புலம்பல' என்று அத்தான் இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பஞ்சைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர் பிடித்துக்கொள்ள என்னுடைய தைரியம் ஒன்றுதான் இருந்தது. அதையும் எதற்குப் பிடுங்க வேண்டும்.

அக்கா நாட்டிய அரங்கில் பியானோ வாசித்தாள். மேடையில் இல்லை, ஒத்திகையில். கால்விரல் நுனியில் எழுந்து பாலே ஆடுகிறவர்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்ப்பார்கள். அத்தனை நாளும் முழு இசைக்குழுவை வரவழைத்து உட்கார வைக்க முடியாது. அதனால் முழு இசையையும் ஒரு பியானோவில் அடக்கி ஒருவர் வாசிப்பார். அரங்கேற்றம் நெருங்கியதும் இசைக்குழு வரும், பியானோவை மூடி அதன் மேல் துணி போட்டுவிடுவார்கள்.

"கட்டடம் கட்டும்போது சாரம் கட்டுவாங்கள்ல, அந்தச் சாரம்தான் நான்," என்பாள், யாராவது கேட்டால். "வேலை முடிஞ்சதும் அவுத்துருவாங்க." கேட்டவர் முகம் வாடினால், "ஆனா சாரத்து மேலேருந்து பாத்தா ஊரே தெரியும்," என்று சேர்த்துக்கொள்வாள். ஊர் ஒன்றும் தெரியாது. ஒத்திகை அறை தரைத்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதை ஒட்டிக் கைப்பிடிக் கம்பி. பியானோ மூலையில், ஆடுகிறவர்களுக்கு முதுகு காட்டி இருந்தது. அக்கா அவர்களைக் கண்ணாடியில்தான் பார்ப்பாள். ஆகவே இத்தனை வருடமும் எல்லா நடனங்களையும் இடம் வலம் மாறித்தான் பார்த்திருக்கிறாள். இதை ஒரு குறையாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை. "முகம் மாறாது, கால்தானே மாறுது," என்பாள்.

எல்லாரும் அவளைப் பியானோக்கா என்றார்கள். அவளைவிட வயதில் மூத்த காவலாளிகூட அப்படித்தான் கூப்பிட்டார்.

ஒரு ராணியின் கதை அரங்குக்கு வந்தது அக்காவுக்குத் தலை நரைக்கத் தொடங்கிய காலத்தில். நடனம் அமைப்பவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். அவர் எங்கேயோ ஓர் அருங்காட்சியகத்தில் உடைந்த கல் ஒன்றைப் பார்த்திருக்கிறார். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆண்ட ஒரு ராணியைப் பற்றி அதில் நாலு வரி. இரண்டு வரி அவள் வெட்டிய வாய்க்காலைப் பற்றி. ஒரு வரி வாய்க்காலில் மாடு குளிப்பாட்டக் கூடாது என்பதைப் பற்றி. கடைசி வரியில், எதிரிகள் கோட்டையைச் சூழ்ந்தபோது ராணி தன் கிரீடத்தைத் தானே எடுத்துத் தரையில் வைத்தாள் என்று இருந்தது. அதற்கு மேல் கல் இல்லை. மாஸ்டர் மாட்டை விட்டுவிட்டார். கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் ஆட வைத்தார்.

ராணியாக ஆடிய பெண் அன்றிலிருந்து எல்லாருக்கும் ராணி ஆகிவிட்டாள். சிற்றுண்டிச்சாலையில் டீ போடுகிறவர்கூட, "ராணிக்குச் சர்க்கரை வேணாம்ல?" என்றுதான் கேட்பார்.

கதையின் உச்சம் கடைசியில் வந்தது. ராணி கோட்டை வாசலுக்குத் தனியாக வருகிறாள். சுற்றி எதிரி வீரர்கள். அவள் ஒற்றைக் கால் கட்டைவிரல் நுனியில் எழுந்து, இரண்டு கைகளையும் தலைக்குக் கொண்டுபோய்க் கிரீடத்தைத் தொடுகிறாள். பிறகு எடுத்து, குனிந்து, தரையில் வைத்து, அப்படியே விழுகிறாள். இசை இதற்கெல்லாம் நிற்காமல், வேகம் குறையாமல் ஓடும்படிதான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் பியானோப் புத்தகத்தில், கிரீடத்தைத் தொடும் இடத்தில் வலது பக்கம் முடிந்துவிட்டது. அடுத்த சுரம் தாளின் பின்னால் இருந்தது.

அந்த இடத்தில் அக்காவின் இரண்டு கைகளுக்கும் வேலை. கச்சேரி என்றால் பக்கத்தில் ஒருவர் நின்று பக்கம் திருப்புவார். ஒத்திகைக்கு யார் நிற்பார்கள்? அக்கா இடது கையை எடுப்பாள். விரலை நாக்கில் தொடுவாள். பக்கத்தைத் திருப்புவாள். கையைத் திரும்ப வைப்பாள். விரலை எச்சில் தொடாமல் அவளால் எந்தப் பக்கத்தையும் திருப்ப முடியாது. பள்ளிக்கூடத்திலிருந்தே அந்தப் பழக்கம். அம்மா அதற்காகப் புறங்கையில் சுள்ளென்று போடுவாள். ஒரு நீண்ட மூச்சு இழுத்து விடும் நேரம் ஆகும், எல்லாம் சேர்த்து. அதுவரைக்கும் பியானோ பேசாமல் இருக்கும்.

பியானோ பேசாமல் இருந்தால் ராணி என்ன செய்வாள்? ஒற்றைக் காலில் நின்றாள். கீழே இறங்க இசை இல்லை. மாஸ்டர் அதைப் பார்த்தார். மறுநாள் வீரர்களிடம், "அந்த மௌனத்துல எல்லாரும் ஒண்ணா அவ பக்கம் தலையைத் திருப்புங்க," என்றார். அதற்கு மறுநாள் ஈட்டிகளைத் தாழ்த்தச் சொன்னார். ஒரு மாதத்தில் முழுக் காட்சியும் அந்த மௌனத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை, பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

இசைக்குழு வந்த முதல் நாள், அவர்களை நடத்துபவர் கையில் சிறு குச்சியோடு முன்னால் நின்றார். அக்கா அவருக்கு வைத்திருந்த பெயர் குச்சிக்காரர். இசைக்குழுவினருக்குப் பக்கத்தைப் பற்றி என்ன தெரியும்? எழுதியிருந்தபடி நேராக வாசித்துக்கொண்டு போனார்கள். ராணி மட்டும் ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள். இசை அவளைக் கடந்து போய், அவள் விழ வேண்டிய இடத்தையும் கடந்துவிட்டது. வீரர்களில் பாதிப் பேர் தலையைத் திருப்பினார்கள், பாதிப் பேர் திருப்பவில்லை. ஓர் ஈட்டி கைநழுவி உருண்டு மேடை விளிம்பிலிருந்து தாளக் கருவிகள் மேல் விழுந்தது. ஒத்திகையில் சரியாக நேரத்துக்கு விழுந்தது அது ஒன்றுதான் என்று குச்சிக்காரர் பிற்பாடு சொல்வார்.

"நிறுத்துங்க!" என்றார் மாஸ்டர். "மௌனத்தை ஏன் விட்டுட்டீங்க?"

"எந்த மௌனம்?"

"கிரீடத்துக்கு முன்னாடி வருமே, அந்த மௌனம்."

குச்சிக்காரர் தன் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "எங்க இருக்கு காட்டுங்க. எனக்கு வயசாச்சு, கண்ணு சரியாத் தெரியல."

"ரெண்டு மாசமா தினம் கேக்கறேன் ஐயா. நான் என்ன கனவா கண்டேன்?"

"கனவுல கேட்டதுக்கெல்லாம் வாசிக்க எங்களுக்குச் சொல்லித் தரல."

ராணி இதற்குள் தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "எனக்கு யாராவது முடிவு சொல்லுங்க. ஒரே கால்ல எத்தனை நேரம் நிக்கறது?"

இசையமைத்தவரிடமே கேட்டுவிடலாம் என்றால், அவர் ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே காலமாகிவிட்டார். எனவே பியானோக்காவைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஒரு பியானோ இருந்தது. அக்கா புத்தகத்தோடு வந்து உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் அந்த இடத்தை வாசித்தாள். கையை எடுத்தாள். விரலை நாக்கில் தொட்டாள். திருப்பினாள். கையை வைத்தாள்.

குச்சிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏம்மா, நீங்க பக்கம் திருப்பறதுக்கு என் ஆளுங்க நாப்பது பேரும் சும்மா உக்காந்திருக்கணுமா?"

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "இல்லைங்க. தப்பு என்னோடது. எடுத்துருங்க."

"எடுக்கறதா?" என்றார் மாஸ்டர். "அதை எடுத்தா என் காட்சியில என்ன இருக்கு?"

குச்சிக்காரர் மாஸ்டரைப் பார்த்தார், ராணியின் காலைப் பார்த்தார், அடுத்த வாரத்தில் அரங்கேற்றம் என்பதை நினைத்திருப்பார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "எல்லாரும் இங்க ஒரு நிறுத்தம் போட்டுக்குங்க," என்றார். நாற்பது பேரும் பென்சில் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் யாருடைய தாளிலும் அங்கே பக்கம் முடியவில்லை.

அரங்கேற்றத்துக்கு இசையமைத்தவரின் மனைவி வந்திருந்தார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர் அப்படித்தான். வீட்டுலயும் பேசாம இருந்தே எல்லாத்தையும் சொல்லிடுவார்," என்றாராம். பத்திரிகைகளும் அந்த மௌனத்தைத்தான் எழுதின. ஒருவர், அந்த ஒரு மூச்சில் ஒரு பேரரசின் மரணம் கேட்கிறது என்று எழுதியிருந்தார்.

அக்கா அதைப் படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தாள். "பேரரசும் இல்ல ஒண்ணும் இல்ல. செத்துப்போன மனுஷன் எழுதின பாட்டுல என் எச்சில் இருக்கு," என்றாள்.

அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே ஆசைதான். அந்தப் பாட்டை, எழுதியவர் எழுதியபடி, நிற்காமல், ஒரு தடவையாவது மற்றவர்கள் ஆடப் பார்க்க வேண்டும். கடைசி காலம்வரை அவளுக்கு இருந்த ஆசை இதுதான் என்றால் சிரிப்பார்கள். வீடு, பிள்ளை, நகை என்று யாரும் கேட்கிற ஆசைகள் அவளுக்கும் இருந்தன. அவை கிடைத்தன, அல்லது கிடைக்கவில்லை. அவற்றை விட்டுவிட்டாள். இதை மட்டும் விடவில்லை.

அந்த நாட்டியம் நன்றாக ஓடியதால் அடிக்கடி திரும்பப் போட்டார்கள். திரும்பப் போடும்போதெல்லாம் ஒத்திகை. அப்படி ஓர் ஒத்திகையில் அக்கா அந்த இடத்தை நேராக வாசித்துவிட்டாள். வீரர்கள் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள்.

"பியானோக்கா! என் மௌனம் எங்க?" என்று கத்தினார் மாஸ்டர்.

"புத்தகத்துல இல்ல மாஸ்டர்."

"புத்தகத்தை விடுங்க. நீங்க பக்கத்தைத் திருப்புங்க."

"மனப்பாடமா வாசிச்சேன் மாஸ்டர். திருப்ப வேண்டியதில்ல."

"உங்களுக்கு வேண்டாம்க்கா. எங்களுக்கு வேணும். திருப்புங்க."

திருப்பினாள். சம்பளம் வாங்குகிறவள் வேறு என்ன செய்வாள்.

மேடையில் அந்த நாட்டியத்தை அவள் பார்க்கப் போனதே இல்லை. அவளுக்கு வரும் சீட்டில் அத்தான் போவார். அத்தானுக்கு வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. மெல்லிசாகக் குறட்டை விடுவார் என்பதைத் தவிர அவரைப் பற்றி அரங்கில் புகார் ஏதும் கிடையாது. ஆனால் அந்த இடம் வரும்போது விழித்துக்கொள்வார். சத்தத்துக்கு விழிக்கிறவர்கள் உண்டு, இவர் சத்தம் நின்றுபோனால் விழிப்பார். தொழில் அப்படி.

"ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னா என்னைக் கூப்பிட்டுத் திட்டறாங்க," என்பார் வீட்டுக்கு வந்து. "உன் பாட்டு நடுவுல நின்னா கை தட்டறாங்க. நானும் உன்கூடவே வேலைக்கு வந்திருக்கணும்."

"வாங்களேன். பக்கம் திருப்ப ஆள் இல்லாமத்தானே இத்தனை வினையும்."

"எனக்கு அந்தப் புள்ளியெல்லாம் புரியாதேடி."

"நான் தலையாட்டினா திருப்பணும், அவ்வளவுதான். கல்யாணம் ஆனதுலேருந்து அதைத்தானே செய்றீங்க?"

வருடங்கள் போயின. மாஸ்டர் முட்டி தேய்ந்து ஓய்வு பெற்றார். குச்சிக்காரரின் பென்சில் குறியை யாரோ மையால் எழுதிவிட்டார்கள். ராணிக்கு ஆடும் வயது கடந்தது. அவள் பயிற்சி கொடுப்பவள் ஆனாள். இந்த வருடம் ஒரு புதுப் பெண்ணை ராணியாக ஆட வைப்பது என்று முடிவானது. பழைய ராணிதான் கற்றுக்கொடுக்க வேண்டும். இதைக் கேள்விப்பட்ட அன்று அக்கா சிற்றுண்டிச்சாலையில் அவளைப் பிடித்துக்கொண்டாள். நானும் அக்காவைப் பார்க்கப் போயிருந்ததால் பக்கத்தில் இருந்தேன்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்டி."

"பக்கத்தைப் பத்தின்னா கேக்காதீங்கக்கா," என்றாள் ராணி, பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே.

"பக்கத்தைப் பத்திதான்."

"அக்கா, என் பேரு நாலு பேருக்குத் தெரியுதுன்னா அந்த ஒரு மூச்சாலதான். அதுல நான் என்னெல்லாம் நெனச்சிருக்கேன் தெரியுமா?"

"என்ன நெனச்சே?"

ராணி கொஞ்சம் யோசித்தாள். "கட்டைவிரல் வலிக்குதுன்னு."

"அப்புறம்?"

"பியானோக்கா சீக்கிரம் திருப்பினாத் தேவலைன்னு."

மூன்று பேரும் சிரித்தோம். அக்காதான் முதலில் நிறுத்தினாள். "விளையாடாதே. நான் இருக்கறப்பவே அதைச் சரி பண்ணிட்டுப் போகணும். இல்லேன்னா அதுவே நிஜம்னு ஆயிடும். அந்த மனுஷன் அப்படி எழுதல."

ராணி கப்பைக் கீழே வைத்தாள். "சரி. புதுப் பொண்ணு அந்த இடத்தை இன்னும் கத்துக்கல. மொதல்ல எப்படிக் கேக்கறாளோ அதுதான் அவளுக்குப் பாட்டு. திங்கக்கிழமை அந்தக் காட்சி ஆரம்பிக்கறேன். நீங்க நேரா வாசிங்க. அவ கால் அதோட போச்சுன்னா, நான் மாத்திடறேன். வீரனுங்ககிட்டயும் குச்சிக்காரர்கிட்டயும் பேச வேண்டியது என் பொறுப்பு."

"சத்தியமா?"

"சத்தியமாக்கா. ஆனா ஒண்ணு. நீங்க நிக்கக் கூடாது. நீங்க நின்னா அவளும் நிப்பா. அப்புறம் எல்லாம் பழைய கதைதான்."

அக்கா அன்று வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட இறக்காமல் பியானோ முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். நேராக வாசித்துக்கொண்டு வந்தாள். அந்த இடம் வந்தது. இடது கை தானாக எழுந்து, நாக்குக்குப் போய், அங்கே இல்லாத பக்கத்தைத் திருப்பிவிட்டு வந்தது.

மறுபடி வாசித்தாள். மறுபடியும் கை எழுந்தது. அத்தான் பின்னால் நின்று அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். கையோடு அவரும் கொஞ்சம் எழுந்தார்.

"மெயின் சுவிட்சை அணைச்சாலும் இது ஓடும் போலிருக்கே," என்றார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கை எழுவது பக்கம் முடிகிறது என்பதற்காக. பக்கம் முடியாவிட்டால்? பின்பக்கத்தைத் தனித்தாளாக நகல் எடுத்து, ஓரத்தை வெட்டி, வலது பக்கத்தின் வெளி விளிம்போடு சேர்த்து டேப் போட்டு ஒட்டிவிட்டால், தாள் ஜன்னல் கதவு மாதிரி வெளியே விரியும். சுரங்கள் இடைவெளி இல்லாமல் கண்ணுக்கு நேராக ஓடிக்கொண்டே இருக்கும். திருப்ப எதுவும் இருக்காது. கண் பார்த்துக்கொண்டிருந்தால் கை எழாது என்பது அவள் கணக்கு. சாதாரண நகல் தாளில் ஒட்டிப் பார்த்து வாசித்தாள், கை எழவில்லை. அத்தானை எழுப்பி இரண்டு தடவை கேட்கச் சொன்னாளாம்.

"நின்னுச்சா?"

"நிக்கலையே. நான் தூங்கிட்டேன் பாரு."

அதைவிட நல்ல சான்று அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. ஒத்திகைப் புத்தகத்திலேயே ஒட்டிவிடுவது என்று சனிக்கிழமை அதை வீட்டுக்கு எடுத்து வந்தாள். மேலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தாள். பாதியில் டேப் தீர்ந்துவிட்டது. அதற்கு முன்தினம் அத்தான் டிவி ரிமோட்டின் மூடி கழன்றுவிடுகிறது என்று அதை மூன்று சுற்று சுற்றியிருந்தார். அக்கா ரிமோட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

இறுதிச் சடங்குக்கு நாட்டிய அரங்கிலிருந்து எல்லாரும் வந்தார்கள். சுவர் ஓரமாக வரிசையாக நின்றார்கள், குதிகாலைச் சேர்த்து, பாதங்களை இரண்டு பக்கமும் விரித்து. அவர்களுக்கு வேறு மாதிரி நிற்கத் தெரியாது. அத்தான் வீட்டுச் சித்தி என் காதுக்குள், "யாருடி இவங்க, வாத்து மாதிரி நிக்கறாங்க?" என்றார். அக்கா இருந்திருந்தால் ரசித்திருப்பாள். குச்சிக்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, "நல்லா வாசிப்பாங்க," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நிதானமா," என்றார்.

திங்கட்கிழமை ஒத்திகையை வியாழனுக்குத் தள்ளிவைத்தார்கள். புதன்கிழமை ராணி புத்தகத்தை வாங்கிப்போக வீட்டுக்கு வந்தாள். அது அக்கா விட்டுப்போனபடியே பியானோ மேல் விரிந்திருந்தது. ஒட்டிய தாள் மேல் பாதியில் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருந்தது. கீழ்ப் பாதி பிடிப்பில்லாமல் முன்னால் வளைந்து தொங்கியது. பக்கத்தில் புது டேப் சுருள், அட்டை உறையோடு. கடைக்காரர் கொடுத்தனுப்பியிருந்தார். அது அக்காவின் கையில் இருந்ததாம்.

"டேப்பைத் தீத்தது நான்தான்," என்றார் அத்தான், யாரும் கேட்காமலே. ரிமோட்டை எடுத்து ராணியிடம் காட்டினார். "இதுல சுத்திட்டேன்."

ராணி ரிமோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "நல்லாச் சுத்தியிருக்கீங்க சார்," என்று திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு என்னிடம், "மிச்சத்தை ஒட்டிக் குடுத்துடுங்களேன். நாளைக்கு வேற ஒருத்தர் வாசிக்க வர்றார். நான் அக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அவர் நேரா வாசிச்சா நான் மாத்தத்தான் போறேன்," என்றாள்.

உறையைப் பிரித்துச் சுருளை எடுத்தேன். டேப்பின் நுனி அகப்படவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டிச் சுற்றி வந்தேன். ராணி வாங்கிச் சுரண்டினாள். கடைசியில் நுனி எழுந்தது. தாளை நிமிர்த்தி விளிம்போடு சேர்த்துப் பிடித்தேன்.

"வேணாம்மா," என்றார் அத்தான்.

"ஏன் அத்தான்?"

"அவ எப்படி ஒட்டியிருக்கா பாரு. அளவுகோல் வெச்ச மாதிரி. நீ கோணலாத்தான் ஒட்டுவே. சின்ன வயசுல நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டதையே இன்னும் சொல்லிச் சிரிப்பா."

நான் கோணலாகத்தான் ஒட்டுவேன். டேப்பைக் கீழே வைத்தேன். ராணி எங்கள் இருவரையும் பார்த்தாள். புத்தகத்தை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள். தொங்கிய தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை மடக்கி உள்ளே வைத்தாள்.

மறுநாள் மதியம் அக்காவின் பொருள்களை எடுத்துவர அரங்குக்குப் போனேன். பொருள்கள் என்றால் நாற்காலிக் குஷன், ஒரு கம்பளிச் சட்டை, பாட்டிலில் பாதி இருமல் மருந்து. ஒத்திகை தொடங்கிவிட்டது. முடியட்டும் என்று கதவோரம் உட்கார்ந்தேன். புதிதாக வந்தவர் டை கட்டிய இளைஞர். விரலெல்லாம் சுத்தமாக வைத்திருந்தார், எச்சில் தொடுகிறவராகத் தெரியவில்லை. ராணி கையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி ஓரம் நின்றாள். புது ராணி நடுவில் வந்தாள். வீரர்கள் இல்லை, அவள் மட்டும்.

நன்றாகத்தான் வாசித்தார். அந்த இடம் நெருங்கியது. புது ராணி கட்டைவிரல் நுனியில் எழுந்து, கைகளைத் தலைக்குக் கொண்டுபோனாள். ஒட்டிய தாளின் கீழ்ப்பாதி முன்னால் வளைந்து, அடுத்த சுரங்களை மறைத்தது. அவர் இடது கையை எடுத்து அதை நிமிர்த்தினார். மறுபடி வளைந்தது. மறுபடி நிமிர்த்தினார். பிறகு அதைக் கைவிட்டுவிட்டு, மேலே ஒட்டியிருந்ததையும் சேர்த்துத் தூக்கி, புத்தகத்தின் பழைய பக்கத்தையே திருப்பினார். கையை வைத்தார்.

அக்காவுக்கு ஒரு மூச்சு ஆகும். அவருக்கு ஒன்றரை ஆனது.

புது ராணி அதுவரை நின்றாள். கால் நடுங்கியது, ஆனால் இறங்கவில்லை. இசை வந்ததும் விழுந்தாள்.

ராணி கட்டிய கையை அவிழ்க்கவில்லை. "இன்னொரு தடவை," என்றாள்.

இன்னொரு தடவையும் தாள் வளைந்தது. மூன்றாவது தடவை புது ராணிக்கு நடுக்கம் இல்லை. அவள் கால் கற்றுக்கொண்டுவிட்டது.

"அந்த இடத்துல நான் என்ன நெனைக்கணும்?" என்று கேட்டாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

"கட்டைவிரல் வலிக்குதா?"

"உயிரே போகுது."

"அதையே நினை," என்றாள் ராணி.

இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நேரா வாசிச்சிருந்தா மாத்தியிருப்பேன். சத்தியமா மாத்தியிருப்பேன்."

"ம்," என்றேன். இந்தத் தடவை வாயில் பஞ்சு இல்லை.

புதியவர் பியானோவிலிருந்து திரும்பி, "யார்கிட்டயாவது டேப் இருக்கா? இந்தத் தாள் தொங்குது," என்றார். யாரிடமும் இல்லை. நாளைக்கு வாங்கி ஒட்டிக்கொள்ளலாம் என்றாள் ராணி. நான் குஷனையும் கம்பளிச் சட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. அடுத்த வாரம் இசைக்குழு வருகிறது. ராணி இன்று போன் செய்தாள், அத்தானை விசாரிக்க. நடுவில் புத்தகத்தைப் பற்றி நானே கேட்டேன். மேல் பாதி அக்கா ஒட்டியபடியே இருக்கிறதாம். கீழ்ப் பாதி இன்னும் ஒட்டவில்லை.